வீட்டை எட்டாத விசில்

கண்டக்டர் பரமசிவம், பஸ் தன் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் மனைவி செண்பகவல்லிக்காகத் தெருமுனையிலிருந்தே ஒரே மூச்சில் நீளமாக விசில் ஊதுவான். இரண்டு மாதமாக அந்த விசில் பாதியில் இருமலாக மாறி, வீட்டை எட்டாமலே நின்றுவிடுகிறது. பஸ் சத்தம் கேட்டு ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவருபவள், விசில் இல்லாமல் பஸ் கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“விசில் கெட்டுப்போச்சு புள்ள, வேற வாங்கணும்” என்றான்.

அவன் குளிக்கப் போனபோது அதை எடுத்து ஊதிப் பார்த்தாள். தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் அவன் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள்.

“எங்கம்மா போகணும்?” என்று அந்நியன்போலக் கேட்டுச் சிரித்தான் பரமசிவம்.

“பெரியாஸ்பத்திரி. ரெண்டு டிக்கெட்டு.”

“இன்னொண்ணு யாருக்கு?”

அவள் ஜன்னலோரம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.