ஜெயித்தவரின் வசவு

“சீட்டுக் கலைக்கிறியா, வாழையிலையில சுமான் கொழுக்கட்டை மடிக்கிறியா? மரமண்டை!”

திரையில் அந்த வரி வந்தபோது மாரிவிக் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் சம்பளத்தில் சேர்த்தி.

பிலிப்பைன்ஸின் பசாய் நகரில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. கேமராவுக்கு முன்னால் பச்சை மேசை, அதற்குப் பின்னால் நின்றபடி அவள். ஆட்டக்காரர்கள் அவரவர் வீட்டிலிருந்து கைப்பேசியில் பந்தயம் கட்டுவார்கள், எழுத்தில் பேசுவார்கள். அவள் வாயால் பதில் சொல்வாள். இந்தப் போக்கரில் அவர்கள் ஒருவருக்கொருவர் எதிரி அல்ல. எல்லோருக்கும் ஒரே எதிரி, கம்பெனிக்காகச் சீட்டுப் போடும் டீலர்.

திட்டிய ஆசாமி ‘லபுயோ’ என்ற பெயரில் ஆடுபவர். ஊசிமிளகாயின் பெயர். பொருத்தம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆட்டத்தில் ஜெயித்தது அவர். குறைந்தது இரண்டு நாலாம் எண் சீட்டாவது சேர்ந்தால்தான் டீலர் ஆட்டத்தில் நிற்கலாம் என்பது விதி. மாரிவிக்கிடம் அதுகூட இல்லை.

“மாரிவிக், விலகிக்கோ. உன் இடத்துக்கு நொனோய் வர்றான்” என்றது காதுக்கருவி.

எதையும் ஒளிக்கவில்லை என்று அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கேமராவுக்குக் காட்டிவிட்டு ஓய்வறைக்குப் போய் உட்கார்ந்தாள். திட்டு வாங்கிய டீலரைக் கால் மணி நேரம் உட்காரவைக்க வேண்டும், திட்டியவரின் வாயை ஒரு நாள் பூட்ட வேண்டும். தலைமை அலுவலகத்தின் உத்தரவு. மழைக்காலத்தில் வெள்ளத்தில் மாட்டிப் பாதிப் பேர் வராததால், சாப்பாட்டு வேளை தவிர மற்ற இடைவேளைகளை எல்லாம் மேனேஜர் எஃப்ரேன் ரத்து செய்திருந்தார். இதில் மட்டும் அவரால் கை வைக்க முடியவில்லை.

பூட்டுத் திறந்ததும் லபுயோ ஆஜர். மறுபடி ஒரு வசவு, மறுபடி பூட்டு.

“தோத்தவன் திட்டினா நியாயம், அக்கா” என்றான் நொனோய், ஒரு நாள் சாப்பாட்டு வேளையில். “இவன் ஜெயிச்சுட்டும் திட்டறான். நீ லீவு போட்ட அன்னைக்கு என்கிட்ட ‘சாப்பிட்டியா தம்பி’ன்னு கேட்கறான்!”

“என் மூஞ்சி பிடிக்கலை போல.”

“புகார் குடு. கணக்கையே மூடிடுவாங்க.”

“குடுக்கத்தான் போறேன். நான் கேட்டுக்கலாம்டா. உள்ள இருக்கறதும் கேட்குமே.”

“அவன் எழுத்துல திட்டறான், அக்கா. அதுக்குப் படிக்கத் தெரியுமா?”

“மெதுவாப் பேசு!”

ஐந்தாம் மாதம். கோட்டு மறைத்தது, நொனோய்க்கு மட்டும் தெரியும். அடுத்த மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். கர்ப்பிணியை வேலையை விட்டு நீக்கச் சட்டம் விடாது. ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்துபோவதைச் சட்டம் என்ன செய்யும்?

புகாரைக் கேட்ட எஃப்ரேன், அவளை எதிரிலேயே நிறுத்திவைத்து லபுயோவின் எண்ணை அழைத்தார்.

“கணக்கு எர்லிண்டான்னு ஒரு அம்மா பேர்ல இருக்கு. மகன் எவனாவது ஆடறான் போல” என்றபடி ஸ்பீக்கரைப் போட்டார்.

“வணக்கம் மேடம். உங்க மகனைக் கொஞ்சம் கூப்பிடுங்க.”

“மகனா? எனக்கு யாரும் இல்லையே” என்றது ஒரு பெண் குரல். “திட்டினது நான்தான்.”

எஃப்ரேன் ஒரு கணம் மாரிவிக்கைப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணை மட்டும் ஏன் மேடம் திட்டறீங்க? உங்களுக்கு என்ன செஞ்சா?”

“ஒண்ணும் செய்யலை, பாவம். நானும் கேசினோவுல நின்னு சீட்டுப் போட்டவதான், சார். சீட்டைத் திருப்பும்போதெல்லாம் இடது கையை மேசை ஓரத்துல ஊனிக்கிறா. பார்க்கறவங்களுக்கு அது ஸ்டைல். எனக்குத் தெரியும் அது என்னன்னு.”

மாரிவிக் கோட்டின் முன்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“போன மாசம் எவனோ குடிகாரன் அவளைத் திட்டினான். உடனே உட்கார அனுப்பினீங்க. திரும்பி வந்தப்ப முகம் தெளிஞ்சிருந்துச்சு. அட, வழி இருக்கேன்னு நினைச்சேன். அதான் பூட்டுத் திறக்கத் திறக்க நானே வந்து திட்டறேன்.”

“மேடம், இதுக்கு உங்க கணக்கை மூடலாம், தெரியுமா?”

“மூடுங்க. எங்க காலத்துல இப்படி ஒரு விதி இல்லை, சார். மாசம் ஏழு ஆகியும் நின்னேன். அந்த விதி இருந்திருந்தா, நீங்க கேட்டீங்களே, அந்த மகன் இன்னைக்கு போனை எடுத்திருப்பான்.”



எஃப்ரேன் எழுந்து கதவைச் சாத்தினார். தன் நாற்காலியை மாரிவிக் பக்கம் தள்ளினார்.

“உட்காரு. நான் எதையும் பார்க்கலை. ஒப்பந்தத்தை நாளைக்கே எடுத்து வைக்கிறேன், கையெழுத்துப் போட்டுடு.”

“சார், மேசையில ஒரு நாற்காலி...”

“கேமராவுல டீலர் நிக்கணும்னு மேலிடத்து உத்தரவு. என்னால முடியாது.”

மேனேஜர் போனின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“மேடம், ஒருத்தர் ஒரு தடவை திட்டினா ஒரு நாள் பூட்டிடுது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு திட்டு போதாது. உங்க பழைய சிநேகிதிங்க யாராவது நல்லாத் திட்டுவாங்களா?”