மிஸ்ஸோட கட்டைவிரல்

"எல்லாரும் கையை நீட்டுங்க!" என்றாள் ஒன்றாம் வகுப்பு மிஸ்.

நீட்டினார்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாருடைய கட்டைவிரல் நகத்திலும் கறுப்பு மார்க்கர் மை.

மிஸ்ஸுக்கு முகம் சுண்டிவிட்டது. தன் கட்டைவிரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

பின்னே? அவளுடைய நகம்தான் கொஞ்ச நாளாகக் கறுத்து, தடித்து, ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. அலமாரிக் கதவில் நசுங்கிய விரல். ஆறுவதற்குள் அந்தக் கையாலேயே பிள்ளைகளுக்குத் தொட்டியில் செடி நட்டுக் காட்டினாள். வினை அங்கேதான் புகுந்தது.

"சர்க்கரை இருக்கா? வேற ஏதாவது நோய்?" என்று கேட்டார், அவள் போய்க் காட்டிய தோல் டாக்டர்.

"ஒண்ணும் கிடையாது டாக்டர். குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

நகத்துண்டை இரண்டு தடவை பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது வழக்கமா நகத்துல வர்ற பூஞ்சை இல்லம்மா. மண்ணுல கிடக்குற ஒரு பூசணம். நல்லா இருக்கிறவங்களுக்கும் அபூர்வமா இப்படி வரும். கையைப் பிடிச்சா அடுத்தவங்களுக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. ஆனா லேசுல மசியாது. புது நகம் வளர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும்."

மிஸ் பொறுமையாகத்தான் இருந்தாள். பெற்றோர்கள் இருக்கவில்லை.

நேற்று ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"டாக்டர் சொன்னதை நான் நம்புறேன். அவங்க நம்பணுமே! 'அந்த நகத்தோட எங்க பிள்ளை கையைப் பிடிச்சு எழுத வைக்கிறாங்க'ன்னு போன் மேல போன். அந்த மாதிரி நகம் இருக்கிறவங்க கிளாஸ்ல இருக்கக்கூடாதாம். திங்கட்கிழமைலேர்ந்து நீங்க ஆபீஸ் ரூம்ல உட்காருங்க."

இதை இத்தனை சின்னஞ்சிறுசுகள் முன்னாலயா சொல்வது? பெரிய மனுஷி, கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாது?

இன்றைக்கு இந்தக் கூத்து.

"இந்தக் கையாலதானே உங்களுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தேன்? உங்களுக்கே நான் கேலியாப் போயிட்டேனா?" என்றாள் மிஸ். மற்றவர்கள் பேசியதெல்லாம் வலிக்கவில்லை. இதுகள் செய்ததுதான் தாங்கவில்லை.

வாசலில் ஹெட்மிஸ்ட்ரஸ். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

"பாத்தீங்களா மிஸ்? பொடிசுங்க கேலி பண்ற அளவுக்கு வந்தாச்சு. உங்க நல்லதுக்குத்தான் நான் சொன்னேன்." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "யாரு இதை ஆரம்பிச்சது? உண்மையைச் சொல்லணும்."

முதல் பெஞ்சிலிருந்து, வகுப்பே 'வாயாடி' என்று கூப்பிடும் குட்டிப்பெண் எழுந்தாள். வழக்கமாக வாய் ஓயாதவளுக்கு இன்று உதடு துடித்தது.

"நான்தான் மேடம். எல்லாருக்கும் நான்தான் பூசிவிட்டேன்."

"ஏன் இப்படிப் பண்ணினே?"

அவள் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இப்ப எங்க எல்லாருக்கும் அந்த நகம் வந்துடுச்சு மிஸ். திங்கட்கிழமை நாங்களும் உங்ககூட ஆபீஸ் ரூமுக்கு வந்துடலாம்ல?"