நாற்பத்தோரு வரிகள்

"எம்மேல என்ன புகார்னு மட்டும் சொல்லிடும்மா. போயிடறேன்."

மூன்றாம் மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜையோரம் நின்றாள். ஒன்பது வருஷ வேலை இன்றோடு சரி. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவளுக்கு ஆபீஸில் பட்டப்பெயர் 'புள்ளி'. புள்ளிவிவரம் எடுத்துத் தருவது அவள் வேலை. துப்புரவு ஆட்கள் ஒவ்வொருவர் மேலும் என்னென்ன வகைப் புகார், வகைக்கு எத்தனை என்று ஆளுக்கு ஒரு வரியாக எண்ணித் தரச் சொல்லியிருந்தார் மேனேஜர். மொத்தம் ஐந்துக்கு மேல் போனால் வீட்டுக்கு. புள்ளி நாலு வரியில் ஒரு க்வெரி எழுதினாள். க்வெரி என்றால் கம்ப்யூட்டரிடம் கேட்கிற கேள்வி, அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் அது எண்ணிக் கொட்டிவிட்டது.

நெருப்பில்லாமல் புகையுமா? வேலை போகிறவர்கள் எல்லாரும் அந்த நேரத்தில் ஒன்றும் அறியாதவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டாள் புள்ளி.

"நிறைய வந்திருக்கும்க்கா. நான் எண்ணினதோட சரி."

"வீட்டுக்காரர் படுத்த படுக்கை. வேற இடம் பாத்தே ஆகணும். அங்கயாவது அந்தத் தப்பைப் பண்ணாம இருக்கலாம்ல, அதுக்குத்தான் கேக்கறேன்."

ஆளை அனுப்பினால் போதும் என்று அவள் பெயரைப் போட்டுத் தேடினாள். தாமதமாக வந்தது, ஒன்றுமில்லை. சுத்தக் குறைவு, ஒன்றுமில்லை. எதிர்த்துப் பேசியது, அதுவும் இல்லை.

ஒன்பது வருஷத்தில் ஒரு புகார்கூட இல்லை.

புள்ளி பழைய பட்டியலைத் திறந்து வரிகளை எண்ணினாள். ஆட்கள் நாற்பத்திரண்டு பேர். பட்டியலில் நாற்பத்தோரு வரிகள். புகார்ப் பதிவேட்டைப் பார்த்து எண்ணச் சொன்னால், புகாரே இல்லாதவளுக்கு எங்கிருந்து வரி விழும்? பாவி, புகாரை எண்ணினாளே ஒழிய ஆளை எண்ணவில்லை. மேனேஜரோ அந்தப் பட்டியலில் ஐந்துக்கு மேற்பட்டவர்களை அடித்துவிட்டு, மிச்சப் பேருக்குக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கக்கா." மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

மேனேஜர் முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க இடத்துக்கு நாளைக்கு வேற ஆள் வருதே. மாத்தணும்னா, எப்படித் தப்பாச்சுன்னு மேல எழுதணும். உன் பேரைப் போட்டுத்தான் எழுதணும். மாசக் கடைசியில உன்னை நிரந்தரம் பண்றதா வேற இருக்கு. இதுவரைக்கும் உன்மேல எத்தனை புகார்?"

"ஒண்ணும் இல்ல சார்."

"நல்லது. அப்படியே வச்சுக்கோ."

திரும்பி வருகிற இருபதடியும், சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றுதான் புள்ளி நடந்தாள். அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற நிரந்தர வேலை குறுக்கே வந்து நின்றது.

அக்கா உட்காரவே இல்லை.

"தெரிஞ்சுதாம்மா?"

"ம்... ஆறு வந்திருக்குக்கா." புள்ளி நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டாள். "மூலையெல்லாம் சரியா பெருக்கறதில்லையாம்."

அக்கா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கோபப்படவில்லை.

"பெருக்கிட்டுத்தாம்மா இருந்தேன். வயசாச்சு, கண்ணுக்குத் தப்பியிருக்கும். நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்."

அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். கதவோரம் சாத்தியிருந்த துடைப்பத்தைப் பார்த்ததும் நின்றாள். அதை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அந்தக் கோடி மூலையிலிருந்து குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.

புள்ளியின் மேஜைக்கு வந்தபோது, நிமிராமலே சொன்னாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கிக்கம்மா."