நேயர் அழைப்பு

கிரேக்க நாட்டின் தெசலோனிகி வானொலி நிலையத்தில் நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிகிறது. நெருக்கடியில் அரசு செலவைக் குறைத்தால் நாடு தேறுமா, நொடித்துப்போகுமா என்று பொருளாதார நிபுணர்கள் லெஃப்தெரிஸும் அர்கிரோவும் சூடாக வாதாடுகிறார்கள். "குறைச்சே ஆகணும். கொஞ்ச நாள் வலிக்கும், அவ்வளவுதான்!" என்று லெஃப்தெரிஸ் மேசையைத் தட்டுகிறார். காதில் மாட்டிய ஹெட்போனில் ஒரு நேயரின் குரல் வருகிறது. "சார், நான் தீவு ஆஸ்பத்திரியில நர்சு. நேத்து அதை மூடிட்டாங்க. கொஞ்ச நாள்னா எவ்வளவு சார்?" லெஃப்தெரிஸ் சட்டென்று நிமிர்கிறார். அது அவர் தங்கை தெஸ்பினாவின் குரல். கை பட்டுக் கவிழ்ந்த காபி மேசையெல்லாம் ஓடுகிறது. "என்கிட்ட சொல்லவே இல்லையேம்மா?" "ரேடியோவுலதானே அண்ணே நீ பேசக் கிடைக்கிற." அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறார். எதிரே இருந்த அர்கிரோ கை நீட்டி, அவருடைய ஒலிவாங்கியை மெல்ல அணைக்கிறாள்.