மூன்று பிளஸ்

மூடி இறுகியிருந்தது.

முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். திறந்துகொண்டது. விரலில் இளஞ்சூடாக ஏதோ பட்டது. துடைக்க நேரமில்லை.

அடுத்தது.

கழிவறைக்கு வெளியே ஜன்னல் ஓரம் ஒரு தட்டு. தட்டில் இரண்டே டப்பாக்கள். சிறுநீர் சாம்பிள். பெயர்ச்சீட்டு டப்பாவில் இல்லை, மூடியில். டப்பாவில் ஒட்டினால் ஈரம் பட்டு எழுத்து அழிந்துபோகிறது என்று நர்ஸ்தான் அப்படி ஒட்டியிருந்தாள்.

ஒரு மூடியில், வெண்ணிலா, 38. அது அவள்.

இன்னொன்றில், சௌந்தரம், 49. அவள் கணவனின் அக்கா, அவளுக்கு மதினி.

அந்த மூடியை இதில் போட்டாள். இந்த மூடியை அதில்.

பத்து நொடி. அவ்வளவுதான்.

செருப்புச் சத்தம். லேப் ஆள் வந்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு போனான். அவளைப் பார்க்கக்கூட இல்லை.

மூன்றாவது மாடியில், டயாலிசிஸ் கட்டிலில் கிடந்தான் அவள் கணவன். இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒன்று வேண்டும். தருகிறேன் என்று வந்தவர்கள் இரண்டு பேர். பெண்டாட்டி. அக்கா. ரத்த வகை இரண்டு பேருக்குமே பொருந்தியது. அடுத்த சல்லடை இந்தச் சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை.

போன மாதம் ஒரு மருத்துவ முகாமில் அவளுக்கு 'ஆல்புமின் ஒரு பிளஸ்' என்று எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரில் புரதம் இறங்குகிறதாம். கிட்னி கெட்டிருந்தாலும் அப்படி வருமாம். மறுபடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவள் பார்க்கவில்லை. சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

இன்றைக்கும் அதே பிளஸ் வந்தால் அவள் அவுட். மதினி உள்ளே.

பதினாறு வருடம். மீன் குழம்பு வைத்தால், அக்கா வைத்த மாதிரி இல்லை. காய்ச்சலில் பிதற்றினால், அக்கா. டயாலிசிஸுக்கு முதன்முதலாக ஊசி குத்தியபோது அவன் கூப்பிட்ட பெயரும் அதுதான். அவன் கையைப் பிடித்திருந்தவள் இவள்.

இனி அவன் வயிற்றுக்குள்ளேயே மதினி உட்கார்ந்துகொள்வாள். அவன் பெய்யும் ஒவ்வொரு சொட்டும் மதினி போட்ட பிச்சை.

விடமாட்டாள்.

கெட்ட கிட்னி என்றால் அது அவனுக்குத்தானே போகும்?

அந்த யோசனை ஒரு தடவை வந்தது. தள்ளிவிட்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, பெஞ்சில் மதினி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாப்பிடு தாயி. மூஞ்சியெல்லாம் வெளிறிக் கெடக்கு."

"நீங்க சாப்பிடுங்க மதினி. கிட்னியத் தூக்கிக் குடுக்க வந்த மகராசி நீங்கதான."

மதினி சிரித்தாள். "உன் வாய்க்குத் தனியா ஒரு டெஸ்ட் எடுக்கணும்டி."

நர்ஸ் வந்தாள். கையில் இரண்டு தாள்.

"வெண்ணிலா யாரு?"

எழுந்தாள்.

"ஆல்புமின் மூணு பிளஸ். ரத்த அணுவும் இருக்கு. வீட்டுக்காரருக்குக் குடுக்கிறத மறந்துடுங்க. மொதல்ல உங்களுக்கு டாக்டரைப் பாருங்கம்மா."

"மூணா? போன மாசம் ஒண்ணுதான..." வாய் தவறி வந்துவிட்டது.

"அப்ப காய்ச்சல் ஏதும் இருந்துச்சா?"

"ஆமா. நாலு நாள்."

"காய்ச்சல்ல ஒரு பிளஸ் வரும், தானா போயிரும். அது ஒண்ணுமில்ல. இது அப்படி இல்லம்மா."

அடுத்த தாளைப் புரட்டினாள்.

"சௌந்தரம்? உங்களுக்கு எல்லாமே சுத்தமா இருக்கு. நாளைக்கு ஸ்கேனுக்கு நீங்க மட்டும் வாங்க. வெறும் வயித்துல."

வெண்ணிலா இரண்டு மூடிகளையும் மனதுக்குள் மறுபடி மாற்றிப் பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது அவளுடையது. மூன்று பிளஸ், மதினியுடையது.

தன்னிடம் இருந்ததைத் தானே மூடி போட்டு மதினியிடம் கொடுத்துவிட்டாள்.

வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால்?

நர்ஸ் போய்விட்டாள்.

மதினி முகத்தில் சந்தோஷம் இல்லை. பொட்டலத்தைக் கீழே வைத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வெண்ணிலாவின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு எப்படித் தாயி சுத்தம்னு வரும்?"

குரல் காதோடு வந்தது.

"ரெண்டு வருஷமா எனக்கு மூணு பிளஸ்தான். மாத்திரையிலதான் ஓடுது. தம்பிக்குத் தெரியாது. அக்கா குடுக்கலையேன்னு அவன் மனசுல நிக்கக் கூடாது, டாக்டரே வேணாம்னு தள்ளட்டும்னுதான் வந்தேன். உன்னுது சேந்துரும்னு நம்பித்தான வந்தேன்..."