முதல் குரூப்

"கணக்கு குரூப்பு வேணாங்கம்மா. காமர்ஸ்லயே போட்டுடுங்க."

காளியன் மூன்றாவது முறையாக அதையே சொன்னார். தலைமையாசிரியை நிர்மலா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"என்னங்க பேசறீங்க? உங்க பொண்ணு பத்தாவதுல நானூத்தி அறுபத்தொண்ணு. மலையிலேருந்து எறங்கி வர்ற பிள்ளைங்கள்ல நான் வந்த இந்த ஒரு வருசத்துல இப்படி ஒரு மார்க்கைப் பார்த்ததில்ல."

"தெரியுங்க."

"தெரிஞ்சா முதல் குரூப்ல சேர்க்க வேண்டியதுதானே?"

காளியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் அவர் மகள் கலைமதி, விண்ணப்பத்தை மடியில் வைத்திருந்தாள். 'பிரிவு' என்ற இடத்தில் 'முதல் குரூப்' என்று தானே எழுதியிருந்ததைக் கட்டைவிரலால் மறைத்திருந்தாள்.

அன்றைக்குப் பள்ளியில் 'பெண்களும் பொறியியலும்' முகாம். தருமபுரியிலிருந்து பேச வந்திருந்த அருள்குமார், டீ குடிக்க அந்த அறைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனார்.

"உங்கள மாதிரி ஆளுங்களாலதான் மலைப் பிள்ளைங்க மேல வர முடியல. எதையாவது படிக்க வெச்சு, பதினெட்டு முடிஞ்சா கட்டிக் குடுத்துடலாம். அதானே?"

"அப்படி இல்லீங்க."

"பையனா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

"எனக்குப் பையன் இல்லீங்க. ரெண்டும் பொண்ணுங்க."

டீ கொண்டுவந்த கிளார்க் குப்புராஜ் சிரித்தார். "சாமைக் காட்டுல களை எடுக்க ஆள் வேணும் சார் இவருக்கு. எஞ்சினியர் வந்து களை எடுப்பாங்களா?"

காளியன் அவரைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே, மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்தே அதைத்தான் பார்க்கிறார். நீலக் கோட்டும் மஞ்சள் ஹெல்மெட்டும் போட்ட ஒரு பெண் அதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிசிக்ஸ் வாத்தியார் வந்துட்டாருங்களா?" என்று திடீரென்று கேட்டார்.

நிர்மலா தடுமாறினார். "கேட்டு எழுதியிருக்கோம். சீக்கிரம் வந்துடுவார்."

"பெரிய பாப்பா சேர்ந்தப்பவும் அப்படித்தாங்க சொன்னாங்க. அப்ப வேற மேடம். ரெண்டு வருசம் ஆளே வரல. பி.டி. வாத்தியார் வந்து, புக்கைப் பார்த்து எழுதுங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருப்பாராம். பரிச்சையில போயிடுச்சு. அதுவும் நல்லாப் படிச்ச புள்ளதாங்க. இப்ப ஓசூர்ல இருக்குது. பொங்கலுக்கு வந்ததோட சரி."

"மூத்தவ ஃபெயிலானா அதுக்கு இவ என்னங்க பண்ணுவா?" அருள்குமார் விடவில்லை. ஜன்னல் பக்கம் கைகாட்டினார். "அந்தப் பேனரைப் பாருங்க. அந்தப் பொண்ணும் இதே மலைதான், இதே ஸ்கூல்தான். பழைய மாணவிங்க வாட்ஸ்அப் குரூப்ல மேடம் தேடிப் புடிச்ச படம்."

காளியன் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதுல என்னங்க எழுதியிருக்குது?"

"'மலைமகள் இன்று பொறியாளர்.'"

"அப்படின்னா?"

"எஞ்சினியருங்க. அந்தப் பொண்ணு இப்ப எஞ்சினியர்."

"நெசமாங்களா?"

"பொய்யா எழுதுவாங்களா?"

காளியனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குப்புராஜின் சிரிப்பு நின்றது.

ஆளைக் கரைத்துவிட்டோம் என்று அருள்குமாருக்கு உற்சாகம். கலைமதியிடம் குனிந்தார்.

"நீ சொல்லும்மா. அந்த அக்கா மாதிரி ஆகணும்னு உனக்கு ஆசையில்லையா?"

கலைமதி கட்டைவிரலை எடுத்தாள். மேசைமேலிருந்த பேனாவால், தான் எழுதியிருந்ததை அடித்தாள். காமர்ஸ் என்று எழுதினாள். அப்பாவின் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்:

"அழுவாதப்பா. இவங்க சும்மா எழுதியிருக்காங்க. நம்ம அக்கா எஞ்சினியர் ஆவல. இன்னும் ஓசூர் கம்பெனியில ஸ்க்ரூதான் முடுக்குது."