மூஞ்சிக்கு ரெண்டு பூசை

"மூஞ்சிக்கு என்னென்ன போடுறே? ஒண்ணு விடாம சொல்லு."

கட்டிலோரம் நின்று டாக்டரம்மா கேட்டார். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி. படுத்திருந்த ஷாலினி மேரிக்கு முகமெல்லாம் வீங்கி, கண் பாதிதான் திறந்தது.

"காலையில கழுவிட்டு சன் ஸ்கிரீன். ராத்திரி திரும்பக் கழுவிட்டு மாய்ஸ்சரைசர். பி.எட். ஹாஸ்டல்ல பழகினது மேடம்."

"எங்க வரதராஜன்பேட்டை கோயில்லயே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் ரெண்டு பூசை டாக்டர்," என்று இடையில் புகுந்தாள் அத்தை லூர்துமேரி. "இவ மூஞ்சிக்குத் தினமும் ரெண்டு பூசை. வூட்டுல ஜெபமாலை சொல்லக் கூப்பிட்டா மட்டும் தூக்கம் வந்துரும்."

கால்மாட்டில் தாய் சாந்தி மேரி இருந்தாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"சன் ஸ்கிரீனால இப்படி ஆகாதும்மா," என்றார் டாக்டர். "உன் கிட்னி ரெண்டும் கெட்டுக்கிட்டு வருது. ரத்தத்துல பாதரசம் இருக்கு. லேபிள் இல்லாம விக்கிறாங்களே, வெள்ளையாக்குற கிரீம், அந்த மாதிரி ஒண்ணுலதான் அது இருக்கும். போட்டியா, இல்லியா?"

ஷாலினி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தாள்.

"போட்டேன் மேடம்."

"யாரு வாங்கிக் குடுத்தா?"

"நானாத்தான் வாங்கினேன்."

"எப்போலேர்ந்து? சரியா சொல்லு. அதை வச்சுத்தான் வைத்தியம் பாக்கணும்."

"போன வருஷம் மாதா திருவிழா முடிஞ்ச வாரத்துலேர்ந்து."

சாந்தி மேரியின் விரலில் மணி நகராமல் நின்றது.

"படிச்ச பொண்ணு. நாளைக்கு நாலு புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியவ. உனக்கே இப்படி ஒரு வெள்ளைத்தோல் ஆசைன்னா நான் யாரைத் திட்டுறது?" என்றார் டாக்டர்.

தாய்தான் மெல்லக் கேட்டாள்.

"இனிமே போடாம இருந்தா சரியாயிடுமாங்க?"

"சில பேருக்கு ஆகுது. இவ ரொம்ப நாள் போட்டுட்டா. என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியலம்மா."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தையின் போன் அடித்தது. வராண்டாவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினவள் முகம் கறுத்திருந்தது.

"முடிஞ்சுபோச்சு அண்ணி. மாப்ள செபஸ்டினோட அம்மாதான் பேசுனா. வர ஞாயித்துக்கிழமை கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம், இந்தச் சம்பந்தமே வேண்டாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டாங்களாம். சீக்குக்காரியக் கட்டிவச்சுட்டு எம்புள்ள ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கவான்னு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தையே தொடர்ந்தாள்.

"வந்தவனெல்லாம் கறுப்பு கறுப்புன்னு சொல்லிட்டுப் போனான். கால்ல விழாத குறையா நான் பேசி முடிச்ச இடம் இது. ராப்பகலா ஜெபமாலையும் கையுமா இருக்கீங்க. உங்க வயித்துல போயி இப்படி ஒரு மினுக்கி."

டீ வாங்கிவர ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

சாந்தி மேரி கட்டிலில் மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பாப்பா."

"ம்."

"நான் அந்தக் கிரீம வாங்கிட்டு வந்த அன்னிக்கே குப்பையில போட்டியே. 'எங்கறுப்பு எனக்குப் போதும்மா'ன்னு சொன்னியே."

"ம்."

"பொறவு நான்தான் உனக்குத் தெரியாம இன்னொண்ணு வாங்கியாந்து, உன் ராத்திரி டப்பாவுல…"

புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிடுறேன் பாப்பா. அத்தை வந்ததும் அவகிட்டயும் சொல்லிடுறேன்."

"வேண்டாம்மா. டாக்டருக்கு வேண்டியதச் சொல்லியாச்சு. அத்தைகிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? கிட்னி திரும்பி வந்துருமா?"

"திருவிழா முடிஞ்ச வாரம்னு சரியா சொன்னியே. உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ கலக்குறதப் பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டுமா தெனமும் எடுத்துப் போட்ட?"

ஷாலினி வீங்கிய கையை நீட்டித் தாயின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கலக்கிட்டு, டப்பாவ மாதா படத்துக்கு முன்னாடி வச்சு முட்டி போட்டு அழுதுக்கிட்டிருந்தியேம்மா. 'தாயே, இனிமே ஒருத்தனும் எம்புள்ளைய வேண்டாம்னு சொல்லக் கூடாது'ன்னு. அதைக் கேட்டப்புறம் நான் எப்படிம்மா வேண்டாம்னு சொல்றது?"